லேபல் மெஷின் வாங்கப் போகும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: கொழும்பில் டீபி (பிரேக்கர்கள் இருக்கும் மின் பகிர்வுப் பெட்டி) வயரிங், கேமரா, நெட்வேர்க் கேபிள் என்று சின்னச் சின்னக் கொந்தராத்து எடுத்துச் செய்கிறீர்கள். இதுவரை மாஸ்கிங் டேப்பில் மாக்கர் பேனாவால் எழுதி ஒட்டி வந்தீர்கள். போன மாதம் ஓர் அலுவலகத்துப் பொறியியலாளர், ஒழுங்கான லேபல் இல்லாமல் பில்லில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கனடாவில் இருக்கும் மச்சான் அடுத்த மாதம் வருகிறார்; அவரிடம் சொல்லி மெஷின் எடுப்பிக்கலாமா, புறக்கோட்டையிலேயே வாங்கலாமா, எதை வாங்குவது?

அவசரமென்றால் இந்த ஒரு பந்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். 18 அல்லது 24 மில்லிமீட்டர் அகல டேப் வரை ஏற்கிற, கணினியோடோ போனோடோ இணைகிற, தொழில் ரகத்துக் கையடக்க மெஷின் ஒன்று எடுங்கள். அதற்குக் கடும் பசை உள்ள லெமினேட் டேப் ஒன்று, வளைகிற டேப் ஒன்று, வெப்பத்தில் சுருங்கும் குழாய் ஒன்று. பிராண்ட் எதுவென்று கேட்டால், வேலை நடுவில் டேப் முடிந்து புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஓடினால் அன்றைக்கே எந்த பிராண்டின் கசெட் கையில் கிடைக்குமோ, அது. மெஷினை ஒருமுறைதான் வாங்குவீர்கள். கசெட்டை அது இருக்கும் வரைக்கும் வாங்குவீர்கள்.

இதை நான் கஷ்டப்பட்டுத்தான் படித்தேன். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த நேரம் ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், சேஞ்ச்ஓவர் என்று கொழும்பு முழுக்க ஓடித்திரிந்தோம். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பேக்கரிக்கு 36 சர்க்கிட் உள்ள போர்டு ஒன்றைப் பிரித்து, எது ஜெனரேட்டரில் ஓடும், எது ஓடாது என்று ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன். போனில் தட்டினால் அச்சடிக்கிற, உள்ளங்கை அளவு மெஷின் ஒன்று அப்போது மலிவாகக் கிடைத்தது. அதில் வடிவான லேபல் அடித்து எல்லாப் பிரேக்கருக்குக் கீழும் ஒட்டிவிட்டு வந்தேன். எட்டு மாதம் போயிருக்கும், முதலாளி கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், போரணைச் சுவர்ப் பக்கம் இருந்த லேபல்கள் முழுக்கக் கறுத்துப்போய் இருக்கின்றன. மறுபக்கம், வெளிச்சமும் எண்ணெய்க் கையும் பட்ட இடத்தில் வெறும் வெள்ளைத் துண்டுகள். ஒரு எழுத்துக்கூட இல்லை. பேக்கரியில் இரவு முழுக்க வேலை என்றபடியால் பகல் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான் நேரம். நான் ஒவ்வொரு பிரேக்கராக இறக்க, உதவிக்கு வந்த பொடியன் உள்ளே நின்று “இது இல்லை அண்ணா”, “இதுவும் இல்லை” என்று கத்த, 36 சர்க்கிட்டையும் திரும்ப முதலில் இருந்து தேடினோம். மெஷினில் பிழை இல்லை. பிழை என்னுடையது. அது சாப்பாட்டு டப்பாவுக்கும் பிள்ளைகளின் கொப்பிக்கும் செய்த சாமான்.

நடந்தது என்னவென்று விளங்கினால் எந்த மெஷினையும் நீங்களே எடைபோடலாம். இந்த ரகத்து மெஷின் எதிலும் மை ஊற்றுவதில்லை. சூடாகும் புள்ளிகள் கொண்ட ஒரு தலைதான் எழுதுகிறது. மலிவு ரகத்தில் டேப்பின் மேலேயே சூட்டுக்குக் கறுக்கிற பூச்சு இருக்கும். தலை பட்ட இடம் கறுக்கும். கடையில் பில் வருகிற தாள் மாதிரி. இதைத்தான் டிரெக்ட் தெர்மல் என்கிறார்கள். சூடு எங்கிருந்து வந்தாலும் அது கறுக்கும். வெளிச்சமும் எண்ணெயும் பட்டால் வெளிறும். இரண்டாவது ரகத்தில் கசெட்டுக்குள் ஒரு ரிப்பன் ஓடும். தலை சுடும்போது ரிப்பனில் உள்ள மை உருகி டேப்பில் ஒட்டும். இது தெர்மல் ட்ரான்ஸ்ஃபர். டைமோ ரைனோ, பிரேடி போன்ற தொழில் மெஷின்கள் இந்த வழிதான். மூன்றாவது, பிரதர் பீ-டச்சின் டீஸெட்ஈ டேப். ரிப்பன் இதிலும் உண்டு. ஆனால் எழுத்து ஒரு கண்ணாடி மாதிரியான படலத்தின் உட்புறத்தில் தலைகீழாக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி விழுகிறது. பிறகு அந்தப் படலம் பசை டேப்போடு சேர்ந்து அமுங்கி வெளியே வருகிறது. அதாவது எழுத்து இரண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவில். நகத்தால் சுரண்டினாலும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் சுரண்டுவது மேல்படலத்தைத்தான்.

கடையில் நின்றே பார்க்கலாம். ஒரு துண்டு அடிக்கச் சொல்லுங்கள். எழுத்து இல்லாத இடத்தில் நகத்தால் வேகமாக ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு கறுத்தால் அது டிரெக்ட் தெர்மல். கறுக்காவிட்டால், பொக்கெட்டில் கொண்டுபோன பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்து எழுத்தின் மேல் பத்துத் தரம் தேயுங்கள். முதலாளி ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

இனி, எந்த டேப் எங்கே. உங்கள் வேலையில் உண்மையாகவே மண்டையைப் பாவிக்க வேண்டிய இடம் இதுதான்.

டீபி கதவு, மீற்றர் பெட்டி, சுவிட்ச் பிளேட் மாதிரித் தட்டையான இடங்கள் முதலாவது. பவுடர் கோட்டிங் அடித்த பெட்டி என்றால் கையால் தடவிப் பாருங்கள்; தோடம்பழத் தோல் மாதிரி நுண்ணிய மேடு பள்ளம் இருக்கும். சாதாரணப் பசை அந்த மேடுகளில் மட்டும்தான் பிடிக்கும். பள்ளம் வரைக்கும் இறங்கக்கூடிய தடித்த பசை வேண்டும். பிரதரில் அதைக் கடும் பசை டேப் என்று தனியாக விற்கிறார்கள், குறியீட்டில் ‘எஸ்’ எழுத்து வரும். மற்ற பிராண்டுகளில் தொழில் வினைல் டேப் அந்த வேலையைச் செய்யும். பொலித்தீன் ரகத்துத் தண்ணீர் டேங்க், சில பிளாஸ்டிக் டப்பாக்கள் இவற்றில் எந்தப் பசையும் மனமில்லாமல்தான் ஒட்டும். அங்கே லேபலை ஒரு சின்ன அட்டையில் ஒட்டி, கேபிள் டையால் குழாயில் கட்டிவிடுவது என் வழக்கம்.

கேபிள் இரண்டாவது. புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் விழுகிற குழி இது. டீபியில் ஒட்டுகிற அதே விறைப்பான டேப்பைக் கேபிளைச் சுற்றி ஒட்டுவார்கள். அன்றைக்கு நன்றாக இருக்கும். அடுத்த வாரம் நுனி கிளம்பும், அடுத்த மாதம் கொடி மாதிரி நிற்கும். விறைத்த படலம் எப்போதும் நேராக நிற்கத்தான் பார்க்கும். வளைவு சின்னதாக இருந்தால் பசையால் அதைப் பிடித்துவைக்க முடியாது. கணக்கைப் பாருங்கள்: கெட்-6 நெட்வேர்க் கேபிளின் தடிப்பு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். சுற்றளவு 19 மில்லிமீட்டர்கூட வராது. அவ்வளவு இறுக்கமான வளைவுக்கு வளைகிற டேப்தான் சரி. நைலோன் துணி மாதிரியானது, அல்லது பிரதரில் ‘ஃப்ளெக்சிபிள்’ என்று வருவது. இன்னொரு வழி, கொடியாகவே ஒட்டிவிடுவது: ஒரே பெயரை இரண்டு தரம் அடித்து, நடுப்பகுதி கேபிளைச் சுற்ற, இரண்டு முனையும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொள்ளும். ரெக்கில் (நெட்வேர்க் சாமான் அடுக்கும் சட்டத்தில்) நூறு கேபிள் நெருங்கி நிற்கும்போது கொடிகள் ஒன்றோடொன்று சிக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய கேபிளுக்கு நான் விரும்புவது தானே மூடிக்கொள்ளும் வினைல். அதில் எழுத்துப் பகுதி வெள்ளை, வால் பகுதி கண்ணாடி. வால் சுற்றி வந்து எழுத்தின் மேலேயே படிந்துவிடும்.

மூன்றாவது சுருங்கும் குழாய். கன்ட்ரோல் பெனல் வயரிங்குக்கு இதற்கு மேல் ஒன்றும் இல்லை. லக் (வயர் நுனியில் நசிக்கும் உலோக முனை) அடிக்க முதல் வயரில் போட்டுவிட வேண்டும். லக் அடித்த பிறகு ஞாபகம் வந்தால் வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். நானும் வெட்டியிருக்கிறேன். அளவில் ஒரு சூட்சுமம் உண்டு. கசெட்டில் 12 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது குழாய் தட்டையாகக் கிடக்கும்போது உள்ள அகலம். அதை உருட்டினால் சுற்றளவு 24, துவாரம் ஏழரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம்தான் மேலே வரும், தடிப்பும் கொஞ்சம் தின்றுவிடும். பிரதரின் 11.7 மில்லிமீட்டர் குழாய்க்கு 3.6 இல் இருந்து 7 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள கேபிள் என்று சொல்கிறார்கள். அதைவிட மெல்லிய வயரில் போட்டால், சுருங்கி முடிந்த பிறகும் வளையல் மாதிரி ஆடும். அத்தோடு இந்தக் கசெட்டில் ஒன்றரை மீற்றர்தான் இருக்கும். ஒரு துண்டு 25 மில்லிமீட்டர் என்றால் அறுபது துண்டு, அவ்வளவுதான். கொந்தராத்து விலை போடும்போது இதை மறந்தால் லாபம் குழாயோடு சுருங்கிவிடும்.

சரி, மெஷினுக்கு வருவோம். அகலம்தான் முதலாவது கேள்வி. பிரதர் ஈ110 மாதிரி 12 மில்லிமீட்டரோடு நிற்கிற மெஷின் கைக்கு அடக்கம், விலையும் குறைவு. ஆனால் அது கணினியோடு இணையாது, பெரிய எச்சரிக்கை லேபல் அடிக்க முடியாது. ஈ300 ரகம் 18 வரை, ஈ550டபிள்யூ 24 வரை. பிந்தியதில் வைஃபை, தானாக வெட்டும் கத்தி, அரை வெட்டு (பின் தாளை விட்டு டேப்பை மட்டும் வெட்டுவது) எல்லாம் உண்டு. பின்னால் வந்த ஈ310பிடி, ஈ560பிடி இரண்டும் ப்ளூடூத்தில் போனோடு பேசும். டைமோவில் ரைனோ 4200, 5200 இரண்டும் 19 மில்லிமீட்டர் வரை. 4200 இல் கணினி மாதிரி விசைப்பலகை, 5200 இல் ஏபிசி வரிசை. ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையின் பெருவிரலால் தட்டிப் பார்த்தால்தான் உங்களுக்கு எது தோது என்று விளங்கும். பிரேடியின் எம்211க்கு விசைப்பலகையே கிடையாது, முழுக்கப் போனில் இருந்துதான். அவர்களின் டேப் ரகங்கள் மிக நல்லவை. ஆனால் கேட்ட உடனே கடையில் எடுத்துத் தருகிற சாமானாக அதைக் கொழும்பில் நான் கண்டதில்லை, சொல்லி வைத்துத்தான் எடுத்திருக்கிறேன்.

நீட்டு வேலைக்கு லித்தியம் பட்டரி உள்ளது நல்லது. பென்டோர்ச் பட்டரி போடுகிற மெஷினுக்கு மலிவுப் பட்டரி போட்டால் எழுத்து பாதியில் மங்கும், தலை சூடாகும் நேரத்தில் மெஷின் அணைந்து அணைந்து எரியும். எழுத்து மங்கினால் மெஷினைக் குறை சொல்ல முதல் பட்டரியை மாற்றிப் பாருங்கள்.

தமிழும் சிங்களமும் தனியாகச் சொல்ல வேண்டிய விடயம். இந்தக் கையடக்க மெஷின் விசைப்பலகைகளில் இரண்டு மொழியும் இல்லை. கணினியிலோ போனிலோ எழுதி அனுப்பினால் மட்டும்தான் வரும். அதற்காகத்தான் இணைகிற மெஷினை எடுங்கள் என்று முதலிலேயே சொன்னேன். பழைய மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம் என்று ‘மோட்டார்’ சிதறிப்போகும். அப்படி நடந்தால் மினக்கெடாதீர்கள். வேறொரு செயலியில் எழுதிப் படமாகச் சேமித்து, அந்தப் படத்தை அச்சடியுங்கள்.

அடுத்தது எழுத்தின் அளவு. பெரும்பாலான மெஷின்களின் தலை அங்குலத்துக்கு 180 புள்ளி. மில்லிமீட்டருக்கு ஏழு. 3 மில்லிமீட்டர் உயரத்தில் எழுத்து என்றால் மேலிருந்து கீழே 21 புள்ளிதான் கிடைக்கிறது. இங்கிலீஷ் எழுத்து அதற்குள் சௌகரியமாக நிற்கும். மூன்று சுழி ‘ண்’ நிற்காது. சுழிகள் அடைத்து ஒரு கறுப்புக் கட்டியாகிவிடும், மேலே புள்ளி இருப்பதும் தெரியாது. நான் எந்த மெஷினையும் ‘தண்ணீர்’ என்று ஒரு சொல் அடித்துத்தான் பார்ப்பேன். அது வாசிக்கக்கூடியதாக வந்தால் மற்றதெல்லாம் வரும். ஐந்தாறு மில்லிமீட்டர் உயரம் கொடுத்து, மெல்லிய கோடுள்ள எழுத்துருவாகத் தெரிந்தெடுத்தால் சுழிகள் திறக்கும். தடித்த எழுத்து அழகென்று போட்டால் திரும்பவும் அடைக்கும். இதனால் நான் செய்வது: பிரேக்கர் இலக்கம், கேபிள் பெயர் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் இலக்கமும் மட்டும், 9 அல்லது 12 மில்லிமீட்டர் டேப்பில். ஆளைக் காப்பாற்றுகிற வசனங்கள் மூன்று மொழியிலும், 24 மில்லிமீட்டரில், ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று துண்டு. கூரையில் சோலார் போட்ட வீடுகளில் “கவனம்: இரண்டு வழியால் மின் வருகிறது. இரண்டையும் நிறுத்தவும்” என்று கட்டாயம் ஒட்டுங்கள். மெயினை இறக்கினாலும் பகலில் பேனலில் இருந்து வருகிற டீசி வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அதைத் தொடப்போகிற மின்வேலை பாஸ் எந்த மொழி வாசிப்பார் என்று உங்களுக்குத் தெரியாது.

அச்சடிக்கும்போது டேப் வீணாவதைப் பற்றி எல்லோரும் முறைப்பாடு செய்வார்கள். தலைக்கும் கத்திக்கும் இடையில் தூரம் இருக்கிறபடியால் ஒவ்வொரு தரமும் முன்னால் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் வெறும் டேப் வரும். 40 மில்லிமீட்டர் லேபலை ஒவ்வொன்றாக அடித்தால் ஒன்றுக்கு 65 போகும். 8 மீற்றர் கசெட்டில் 123 லேபல். அதையே தொடர் அச்சில், இடையில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டு ஒரே ஓட்டமாக அடித்தால் 190 லேபல் வரும். ஆகவே சைட்டில் நின்று ஒவ்வொன்றாகத் தட்டாதீர்கள். முதல் நாள் இரவு பட்டியலைப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே நாடாவாக அடித்து, சுருட்டிக்கொண்டு போங்கள். இலக்கம் தானாக ஏறுகிற வசதி இருக்கும், 1 இல் இருந்து 24 வரை அதுவே அடிக்கும். கேபிளுக்கு ஒவ்வொரு பெயரும் இரண்டு பிரதி, இரண்டு முனைக்கும். நெட்வேர்க் லேபலுக்கான டிஐஏ-606 என்ற அமெரிக்கத் தரம், கேபிள் உறை முடிகிற இடத்தில் இருந்து 300 மில்லிமீட்டருக்குள் ஒட்டச் சொல்கிறது. நான் ஒரு சாண் உள்ளே ஒட்டுவேன், திரும்ப வெட்டி முடிக்க வேண்டி வந்தாலும் லேபல் தப்பும்.

பிரேக்கர் வரிசைக்கு ஒரே நீட்டு லேபல் அடிக்கிற முறை பெரும்பாலான தொழில் மெஷின்களில் உண்டு. ஒவ்வொரு கட்டத்தின் அகலத்தையும் நீங்கள் கொடுக்க வேண்டும். இங்கேதான் என் முதல் லேபல் அசிங்கமாகப் போனது. ஒரு பிரேக்கர் 18 மில்லிமீட்டர் என்று யாரோ சொன்னதை நம்பி அடித்தேன். அந்த பிராண்டின் பிரேக்கர் பதினேழரை. அரை மில்லிமீட்டர்தானே என்று நினைப்போம். 12 பிரேக்கர் போவதற்குள் ஆறு மில்லிமீட்டர் விலகி, கடைசி இலக்கம் பிரேக்கரின் விளிம்பில் போய் நின்றது. ஒரு பிரேக்கரை அளக்காதீர்கள். வரிசை முழுவதையும் அளந்து, எண்ணிக்கையால் பிரியுங்கள்.

ஒட்டுவதில் அவசரம் கூடாது. கொழும்பின் வேர்வைக்கும் தூசிக்கும், காலி வீதிக்குக் கடற்பக்கம் என்றால் உப்புக் காற்றுக்கும், துடைக்காத பெட்டியில் எந்தப் பசையும் நிற்காது. ஐசோப்ரோப்பைல் அல்கஹோல் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து, காயவிட்டு, காய்ந்த துணியால் இன்னொருமுறை. ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த பெட்டியை வெளியே எடுத்த உடனே ஒட்டாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத பனி படிந்திருக்கும். டீஸெட்ஈ டேப்பின் பின் தாளில் நீளவாக்கில் நடுவே ஒரு கீறல் இருக்கிறது. நகத்தால் நுனியைக் கிண்டிக் கஷ்டப்படத் தேவையில்லை; டேப்பை நீளவாக்கில் மடித்தாற்போல் நசித்தால் தாள் தானே பிரியும். பசையில் விரல் படாமல் ஒரு முனையை வைத்து, பெருவிரலால் மற்ற முனைக்கு அமுக்கிக்கொண்டே போங்கள். மூலைகளைக் கத்தரியால் வளைத்து வெட்டினால் துணி பட்டுக் கிளம்புவது குறையும். பசை முழுப் பிடிமானத்துக்கு வர ஒரு நாளாவது எடுக்கும். ஒட்டி ஐந்து நிமிடத்தில் இழுத்துப் பார்க்கிற வாடிக்கையாளர் இருப்பார், அவரிடம் நாளைக்கு இழுக்கச் சொல்லுங்கள்.

எழுத்தின் குறுக்கே நீட்டுக்கு ஒரு வெள்ளைக் கோடு வந்தால் தலையில் தூசி. கசெட்டைக் கழற்றி, காது குடைகிற பஞ்சுக் குச்சியில் அல்கஹோல் தொட்டு மெல்லத் துடைக்கலாம். துடைத்தும் கோடு அதே இடத்தில் நின்றால் அந்தப் புள்ளி செத்துவிட்டது. கசெட் போட முதல் ரிப்பன் தளர்ந்திருந்தால் விரலால் சில்லைச் சுற்றி இறுக்குங்கள். அச்சாகிக்கொண்டிருக்கும்போது டேப்பை வெளியே இழுக்கவே வேண்டாம்.

‘கொம்பட்டிபிள்’ கசெட், அதாவது வேறு கம்பனி செய்து இதே மெஷினுக்குப் பொருந்துகிற கசெட் பற்றியும் கேட்பீர்கள். புறக்கோட்டையில் தாராளமாக இருக்கிறது, நானும் வாங்குகிறேன். கோப்பு, பெட்டி, இறாக்கை எல்லாவற்றுக்கும் காணும். டீபிக்கும் கேபிளுக்கும் நான் போடுவதில்லை. வெளியே ஒரே மாதிரித் தெரியும், உள்ளே சிலதில் மேல்படலம் கிடையாது, சிலதில் பசை எட்டாம் மாதம் கசியும். அதற்கும் ஸ்பிரிட் சோதனைதான்.

என்ன எழுதுவது என்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். “மாமாவின் அறை”, “புது ஏசி” என்று எழுதாதீர்கள். மாமா அறை மாறுவார், ஏசி பழையதாகும். மாடி, போர்டு, இலக்கம்: இந்த மூன்றும் காணும். ஆளுக்கு விளங்கும் விவரம் டீபி கதவின் உட்புறம் ஒட்டுகிற பட்டியலில் இருக்கட்டும். ட்ரிப் சுவிட்சின் (மின் கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச்) பக்கத்தில் சோதனைப் பொத்தானை எப்போது அமுக்க வேண்டும் என்று ஒரு துண்டு ஒட்டுங்கள். பிஎஸ் 7671 என்ற பிரித்தானிய வயரிங் விதிநூல் முன்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றிருந்தது, 2018 பதிப்பில் ஆறு மாதமாக்கிவிட்டார்கள். அந்தப் பொறியியலாளர் கதவைத் திறந்ததும் முதலில் தேடுவது அனேகமாக அதைத்தான்.

மச்சானின் விடயம். மெஷினை அவரிடம் எடுப்பிக்கலாம், ஆனால் கனடாக்காரர்களின் கரண்ட் 120 வோல்ட். அங்கே வருகிற அடெப்டர் சிலது 120க்கு மட்டும் செய்தது. இங்கே 230 இல் குத்தினால் ஒரு சத்தம், ஒரு மணம், அவ்வளவுதான். அடெப்டரின் முதுகில் 100 இல் இருந்து 240 வரை என்று எழுதியிருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதை அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். இங்கே வேறொன்று வாங்கும்போது வோல்ட்டும் அம்பியரும் மட்டும் பார்த்துக் காணாது, ஊசியின் நடுப்பக்கம் கூட்டலா கழித்தலா என்று மெஷினில் உள்ள படத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். மேலதிக லித்தியம் பட்டரி கொண்டுவந்தால் அது கைப்பையில்தான் வர வேண்டும், விமானத்தில் பெட்டிக்குள் போட விடமாட்டார்கள். மெஷின் உத்தரவாதம் அந்த நாட்டோடு முடிந்துவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மெஷினை இங்கேயே வாங்குவேன். டீஸெட்ஈ கசெட் அங்கே வாங்கினாலும் இங்கே வாங்கினாலும் ஒன்றுதான். ஆகவே புறக்கோட்டையில் தேடி அலைய வைக்கிற 12 மில்லிமீட்டர் வளைகிற டேப் நாலு, மஞ்சளில் கறுப்பு எழுத்து 24 மில்லிமீட்டர் இரண்டு என்று எழுதி மச்சானுக்கு அனுப்புவேன். பெட்டியில் ஒரு கிலோகூடப் பிடிக்காது.